ஐம்பதைக் கடந்து பாய் விரிப்பவர்களுக்கு வேஃபேரர்: எது இனிக்கும், எது இடுப்பை ஒடிக்கும்

வயது கூடிய பிறகு பாய்மரப் படகு பழக வருபவர்களிடம் பல பயிற்சி இடங்கள் முதலில் நீட்டுவது லேசர். இப்போது அதன் பெயர் ஐஎல்சிஏ. 4.2 மீட்டர் நீளம், பாயும் மரமும் இல்லாத வெறும் படகின் எடை 59 கிலோ, ஒருவர் ஓட்டுவது. அருமையான படகுதான், ஆனால் இருபது வயது முழங்காலுக்கு. பாயின் அடியைத் தாங்கும் பூம் தளத்துக்கு மிக நெருக்கமாக வீசும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் குந்தி, தலையைக் கவிழ்த்து, முழங்காலை மடக்கி அடுத்த பக்கம் தாவ வேண்டும். காற்று கொஞ்சம் ஏறினாலே காலை வாரில் மாட்டி, உடலை வெளியே தொங்கவிட்டு, தொடைத் தசையாலேயே படகை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டே நாளில் "இது நமக்கு ஒத்துவராது" என்று பலர் போய்விடுகிறார்கள். ஒத்துவராதது அந்தப் படகுதான், பாய் ஓட்டுவது அல்ல.

ஐம்பதைத் தாண்டிய புதியவருக்கு முதல் படகாக நான் சொல்வது வேஃபேரர், இருவர் சேர்ந்து ஓட்டும் திறந்த சிறு பாய்மரப் படகு, அதாவது டிங்கி. 1957இல் இயன் புரோக்டர் வடிவமைத்தது. நீளம் 4.82 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், வெறும் உடல் மட்டும் ஏறத்தாழ 168 கிலோ. பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து சுமார் 13 சதுர மீட்டர். பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டிருப்பதால் பழைய படகு, உதிரி பாகம், பாய், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எல்லாம் கிடைக்கும். எவ்வளவு தாங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சான்று: ஃபிராங்க் டை தன் வேஃபேரரில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும் 1964இல் நார்வேக்கும் போய்ச் சேர்ந்தார். யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம். உங்கள் ஏரிக்கும் கழிமுகத்துக்கும் இந்தப் படகு போதுமா என்ற சந்தேகம் தேவையில்லை, அவ்வளவுதான்.

இதில் ஏறியதுமே தெரிகிற வித்தியாசம் நிலைப்பு. ஓரத்தில் கால் வைத்தால் படகு சரிகிறது, ஆனால் உடனே தள்ளிவிடுவதில்லை. காலை மாற்றி வைக்க, கையை எங்காவது பிடிக்க, ஒரு நொடி அவகாசம் தருகிறது. சமநிலை மெல்லக் குறையும் வயதில் அந்த ஒரு நொடிதான் எல்லாம். பக்க இருக்கைகள் அகலமானவை, முதுகை நேராக வைத்து உட்காரலாம். பூம் போதிய உயரத்தில் இருப்பதால் கழுத்தையும் முதுகையும் வளைத்தால் போதும், தரையில் மண்டியிட வேண்டாம். ஆனால் நடுவில் ஒரு குறுக்குப் பலகை உண்டு. முன்பாயைக் கவனிப்பவர் திரும்பும்போதெல்லாம் அதைச் சுற்றி நகர வேண்டும், முழங்கால் இடிக்கும் இடம் அதுதான். இருவரில் யாருக்கு முழங்கால் மோசமோ அவர் சுக்கான் பிடியில் உட்காரட்டும். நியோப்ரீன் முழங்கால் உறை இருவருக்கும் வேண்டும்.

இரண்டாவது நன்மை, இந்தப் படகை நிறுத்த முடியும். தொடக்கத்தில் பயமே எதிலிருந்து வருகிறது என்றால், எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிறது, மூச்சு விட இடம் இல்லை என்பதிலிருந்துதான். வேஃபேரரில் முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலே, படகின் மூக்கு காற்று வரும் திசையைக் கடந்து மறுபக்கம் போகும்படி திரும்புங்கள். முன்பாய் இப்போது தவறான பக்கத்தில், காற்று வரும் பக்கமாக இழுத்தபடி நிற்கும். பெரிய பாயின் கயிற்றை நன்றாகத் தளர்த்திவிட்டு, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கம், அதாவது பூம் இருக்கும் பக்கம், தள்ளிப் பிடியுங்கள். முன்பாய் மூக்கை ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, இரண்டும் ஒன்றை ஒன்று அடக்கி, படகு சாந்தமாக மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொண்டே நிற்கும். தண்ணீர் குடிக்கலாம், கண்ணாடி துடைக்கலாம், அடுத்தது என்ன என்று பேசி முடிவெடுக்கலாம். ஒதுங்கும் பக்கத்தில் கரையோ கல்லோ போதிய தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்து எழுவதற்கு முன்பே இதைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பாயைச் சுருக்குவதற்கும் இந்த நிறுத்தம்தான் அடிப்படை. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் ஏறும். 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 14 நாட் ஆனால் பாயின் மேல் விழும் விசை ஏறத்தாழ இரட்டிப்பு. கரையில் நிற்கும்போது இந்த வேறுபாடு உடம்புக்குத் தெரியாது, தண்ணீரில் தெரியும். முதல் சில மாதங்கள் 10 நாட்டுக்குள் இருக்கும் நாளாகப் பார்த்து இறங்குங்கள். 11 முதல் 16 நாட் வரையிலான, பியூஃபோர்ட் காற்று அளவுகோலின் நான்காம் எண் காற்றில் இறங்குவதாக இருந்தால் கரையிலேயே பாயைச் சுருக்கிவிடுங்கள். தண்ணீரில் சுருக்க நேர்ந்தால் வரிசை முக்கியம். படகை மேலே சொன்னபடி நிறுத்துங்கள். பூமைக் கீழே இழுத்து வைத்திருக்கும் கிக்கரைத் தளர்த்துங்கள். ஒருவர் பூமைக் கையில் தாங்கிக்கொள்ள, மற்றவர் பாய் ஏற்றும் கயிற்றை, அதில் முன்கூட்டியே நூலால் தைத்து வைத்த அடையாளம் வரை இறக்க வேண்டும். பாயின் முன்விளிம்பில் உள்ள வளையத்தைப் பூமின் முன்முனைக் கொக்கியில் மாட்டி, ஏற்றும் கயிற்றை மறுபடி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அதன் பிறகே பின்விளிம்புக் கயிறு. கடைசியாகக் கிக்கர். பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில். கிக்கரைத் தளர்த்த மறப்பார்கள், பூம் மேலே வராது, பின்விளிம்பு எவ்வளவு இழுத்தாலும் இறங்காது, தோள்பட்டைதான் பிடித்துக்கொள்ளும். அல்லது பின்விளிம்பை முதலில் இழுத்துவிடுவார்கள், பாய் முழுவதும் பின்னால் போய்விடும், முன்வளையம் கொக்கிக்கு எட்டாது. வாங்கும் படகில் சுருக்குக் கயிறுகள் ஏற்கெனவே கோக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும்.

பின்காற்றில் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும் ஜைப் தனிக் கதை. பூம் முழு வேகத்தில் படகைக் கடக்கும். காற்று வலுத்த நாளில் அதைச் செய்யாமலே தப்பலாம்: காற்றை நோக்கித் திருப்பி, மூக்கு காற்றைக் கடக்கும் திருப்பமான டேக் போட்டு, முழுச் சுற்றாக வந்தால் அதே திசைக்குப் போய்விடலாம். கொஞ்சம் தூரம் கூடும், தலை பிழைக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது வெறும் ஆலோசனை இல்லை. பூம் தலையில் லேசாகப் பட்டாலும் உள்ளே இரத்தக்கசிவு வரலாம், அது மணிக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியவும் செய்யலாம். மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள், தலைக்கவசம் போடுங்கள், கூட வருபவரிடம் மாத்திரை விவரத்தைச் சொல்லி வையுங்கள். அடி பட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது, நேராக மருத்துவமனை.

இனி இந்தப் படகின் பெருங்குறை, எடை. பாய்மரம், பாய், சுக்கான், நங்கூரம், துடுப்பு எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். இறக்கும்போது தெரியாது. மூன்று மணி நேரம் ஓட்டிக் களைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, வழுக்கும் சரிவில் மேலே இழுக்கும்போதுதான் தெரியும். முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் தண்ணீரில் நடப்பதில்லை, இந்தச் சரிவில்தான். இருவர் மட்டும் இழுக்கப் பார்க்காதீர்கள், நான்கு பேர் வேண்டும். ஆள் இல்லையென்றால் தள்ளுவண்டியில் நீண்ட கயிறு கட்டி, சமதரையில் நிற்கும் வாகனத்தால் அல்லது வின்ச்சால் இழுங்கள். மணல் கரையானால் அகலமான பலூன் டயர் இல்லாமல் நகராது. எக்காரணம் கொண்டும் சரிவில் படகுக்குக் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டாம். ஏறும் முன் படகுக்குள் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், 20 லிட்டர் தண்ணீர் என்பது 20 கிலோ. உங்கள் இடத்தில் மிதக்கும் மேடையில் கட்டி வைக்கவோ நங்கூர மிதவையில் நிறுத்தவோ வசதி இருந்தால் இந்தக் குறை பாதியாகிவிடும். அது இல்லாமல், உதவிக்கு ஆளும் இல்லாமல் இருந்தால், வேஃபேரரை வாங்காதீர்கள்.

பாய்மரம் நிமிர்த்துவதிலும் இருவர் தேவை. அடிப்பாகம் தளத்தில் உள்ள கவையில் முளையாணியில் சுழலும் அமைப்பு என்பதால் மரத்தைத் தூக்கி வைக்க வேண்டாம், சாய்த்து நிமிர்த்தினால் போதும். இது பல டிங்கிகளில் இல்லாத வசதி. பக்கக் கம்பிகள் இரண்டையும் முதலில் மாட்டி, எதிலும் சிக்கவில்லை என்று பார்த்து, ஒருவர் பின்னாலிருந்து தோளால் உயர்த்த, மற்றவர் முன்கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். பாதியில் கம்பி வண்டியிலோ, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டிலோ மாட்டிக்கொண்டால் கீழே நிற்பவர் வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது, கவை பெயர்ந்துவிடும். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், அலுமினிய மரம் மின்சாரத்தைக் கடத்தும். புதியவர்களுக்குப் படகைத் தயார் செய்யவே ஒரு மணி நேரம் ஆகும், பழகினால் பாதியாகும். வெயில் ஏறும் முன் இதை முடிப்பது நல்லது, களைத்துப்போய் ஓட்டத் தொடங்குவதுதான் முதல் தவறு.

கவிழ்ந்தால்? கவிழும், தயாராகத்தான் இருக்க வேண்டும். இருவர் இருந்தால் முறை இது. முதலில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, படகிலிருந்து கையை எடுக்காமல் இருங்கள். பெரிய பாயின் கயிறும் முன்பாயின் கயிறும் கிளீட்டிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும். எடை கூடியவர் பாயின் கயிற்று நுனியைப் பிடித்தபடி பின்புறமாகச் சுற்றி அடிப்பக்கம் போகிறார். மற்றவர், படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகை முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, மேல்பக்கத்து முன்பாய்க் கயிற்றை அவருக்கு எறிகிறார். பிறகு படகின் உள்ளே, குறுக்குப் பலகையை லேசாகத் தொட்டபடி மிதக்கிறார், தொங்கக் கூடாது. வெளியே உள்ளவர் நடுப்பலகையில் ஏறி, படகின் உடலோடு ஒட்டிய பகுதியில் நின்று, நுனியில் அல்ல, கயிற்றைப் பிடித்து முழங்காலை நேராக்கிப் பின்னால் சாய்கிறார். படகு நிமிரும்போதே உள்ளே மிதப்பவரையும் அள்ளிக்கொண்டு எழும். அவர் உள்ளிருந்து மற்றவரை ஏற்ற உதவலாம். பாய்மர நுனி காற்று வரும் பக்கம் கிடந்தால், நிமிரும்போது காற்று பாயின் அடியில் புகுந்து உடனே மறுபக்கம் கவிழ்த்துவிடும். முன்முனையைப் பிடித்து நீந்தி, படகைக் காற்றை நோக்கித் திருப்பிவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும். பாய்மர உச்சியில் ஒரு மிதவைப் பந்து கட்டிவிட்டால் முழுக்கத் தலைகீழாகும் ஆபத்து பெரிதும் குறையும். வேகம் சற்றுக் குறைகிறதே என்று இதைக் கழற்றுபவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிமிர்த்துவதைவிடக் கஷ்டம் திரும்ப ஏறுவது. வேஃபேரரின் பக்கச்சுவர் உயரம், நனைந்த உடையும் மிதவைச் சட்டையும் சேர்ந்து மார்பைத் தடுக்கும், கை வலு இளமையில் இருந்தது போல் இராது. ஒரு கயிற்று வளையத்தைத் தொங்கவிட்டால் போதும் என்பார்கள். போதாது. கால் வைத்து அழுத்தியதும் மெல்லிய வளையம் படகின் அடிக்குள் வழுக்கிப் போய்விடும், உடல் பின்னால் சாயும், இன்னும் ஏற முடியாது. சரியான செய்முறை இப்படி: 25 மில்லிமீட்டர் அகல நாடாவில் இரண்டு வளையங்கள், ஒன்று நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டர், இன்னொன்று 60 சென்டிமீட்டர். ஒவ்வொரு படியிலும் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாண் நீளக் கெட்டி பிளாஸ்டிக் குழாயைக் கோத்துவிடுங்கள், படி விரிந்தே நிற்கும். பக்கக் கம்பி மாட்டும் இடத்துக்கு அருகில் உறுதியான பொருத்துக்குக் கட்டி, மடித்து ரப்பர் வாரால் உள்ளே செருகி வைத்தால், தண்ணீரிலிருந்தே இழுத்துவிடலாம். காற்று வரும் பக்கமாகவே ஏறுங்கள், மறுபக்கம் தொங்கினால் படகு மறுபடி உங்கள் மேல் சாயும். முதல் வாரத்திலேயே, காற்றில்லாத நாளில், கழுத்தளவு தண்ணீரில் இதைப் பழகுங்கள். இருவரில் யாராவது ஒருவரால் ஏற முடியவில்லையென்றால், துணைப்படகு கண்காணிக்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம். தனியாக இந்தப் படகை நிமிர்த்துவது பலரால் முடியாத காரியம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆகவே ஒத்த நேரமும் ஒத்த நிதானமும் உள்ள ஒரு துணை கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வாங்கலே இல்லை.

மிதவைச் சட்டை 50 நியூட்டன் வகை போதும், ஆனால் அது நீந்தத் தெரிந்தவருக்கும் நினைவு தவறாதவருக்கும்தான். மயங்கியவரை முகம் மேலே திருப்பும் வேலையை அது செய்யாது. அதற்கு 150 நியூட்டன் வகை வேண்டும். தானாக ஊதும் ரகம் டிங்கியில் இடைஞ்சல், கவிழ்ந்ததுமே ஊதிவிடும், ஏறவே விடாது. கையுறை கட்டாயம். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் பாயின் கயிற்றை 8 மில்லிமீட்டரிலிருந்து 10க்கு மாற்றி, கப்பியையும் ஒருபக்கம் மட்டும் சுழலும் ராட்செட் வகையாக்கினால் பிடிக்கும் விசை நன்றாகக் குறையும். செலவு குறைவு, பலன் அன்றே தெரியும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருபார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்கு மேலே பாய் உச்சியைப் பார்த்துவிட்டு உடனே கீழே கிளீட்டைப் பார்த்தால் தலை சுற்றும். தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி, மிதக்கும் வாரோடு, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காதுக் கருவியைக் கரையில் கழற்றி வைத்தால் "திரும்பப் போகிறேன்" என்ற அழைப்பு கேட்காது, ஆகவே கைச்சைகை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் படகில் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், வெயிலில் மயக்கத்துக்கு நேர்வழி அது. ஒன்றரை மணிக்கு ஒருமுறை கரைக்கு வருவதாகத் திட்டமிடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடங்களில் விழுந்த முதல் ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, இதயத்துக்கும் அது பெரும் சுமை. அங்கே உடல் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடை இல்லாமல் இறங்கவே கூடாது.

இத்தனை சொன்ன பிறகும் ஏன் தொடங்க வேண்டும் என்றால், இது வலுவால் மட்டும் ஆடும் விளையாட்டு இல்லை என்பதால். நீரின் மேல் கருமையாகச் சுருங்கி வரும் காற்றுத் திட்டை இருபது மீட்டர் முன்பே கண்டு, அது வந்து தொடுவதற்குள் கயிற்றை ஒரு சாண் விட்டால், படகு சாயவே சாயாது. சாய்வதெல்லாம் முன்னால் ஓட்டமாக மாறும். பார்வைக்கும் பொறுமைக்கும் கிடைக்கும் பலன் இது. அவசரப்படாதவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பிரான்சிஸ் சிசெஸ்டர் கடலில் பாய்மரப் படகு ஓட்டத் தொடங்கியது 1953இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு. 1966இல் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியபோது வயது 64. ஜீன் சாக்ரட்டீஸ் ஐம்பதை நெருங்கும்போது பாய் பழகி, 2019இல் 77 வயதில் எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல், தனியாக உலகைச் சுற்றி முடித்தார்.

முழங்கால் அல்லது இடுப்பு மாற்று அறுவை செய்தவர்கள், குனிந்து நகரவே முடியாதவர்கள் வேஃபேரருக்குப் பதில் ஹன்சா 303 பார்க்கலாம். 3.03 மீட்டர் நீளம், இருவர் அருகருகே முன்னோக்கித் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து, நடுவில் உள்ள கைப்பிடியால் ஓட்டுவது. திரும்பும்போது இடம் மாறவே வேண்டாம், பாய் மரத்திலேயே சுருண்டு சிறிதாகும். நடுப்பலகை கனமாக இருப்பதால் கவிழ்ப்பது கடினம். குறை, அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்து மேடைக்கு ஏற வலுவான கை அல்லது உதவி வேண்டும். அலை எழும்பும் இடத்துக்கும் அது ஏற்றதில்லை.

பழைய வேஃபேரர் வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள காற்றறைகளின் மூடிகளைத் திறந்து ரப்பர் விளிம்பை விரலால் அழுத்துங்கள், காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். உள்ளே தண்ணீர் தேங்கிய கோடு இருந்தால் கசிவு எங்கே என்று விற்பவர் சொல்லட்டும். பக்கக் கம்பி பொருத்திய இடத்தைச் சுற்றித் தளத்தை அழுத்திப் பாருங்கள், மெத்தென்றால் உள்ளே இற்றிருக்கிறது. கம்பிகளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழுச் செட்டையும் மாற்ற வேண்டும், பத்து வருடம் தாண்டியிருந்தால் கேள்வியே இல்லை. நடுப்பலகையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், கூழாங்கல் கரையில் இறக்கும் படகுகளில் கல் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். கவிழ்ந்த நிலையில் பலகை உள்ளே சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்தும் ரப்பரோ கயிறோ இருக்கிறதா, சுக்கான் கழன்று விழாமல் காக்கும் சிறு தகடு வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். கடைசியாக, இடுப்பளவு தண்ணீரில், காற்றில்லாத காலையில் படகை வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்த்து ஐந்து நிமிடம் கிடக்கவிட்டு நிமிர்த்துங்கள். பிறகு வடிகால் மூடியைக் கழற்றி, காற்றறையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு வாளியில் பிடியுங்கள். ஓரிரு குவளை வந்தால் மூடி ரப்பரோடு சரியாகிவிடும். வாளி நிரம்பினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.